அடுத்த கேற்றுக்கு ஒரு மிஸ் கோல்

இரண்டு வருடத்துக்கு முந்திய மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொக்குவில் பக்கத்தில், ஓர் ஒழுங்கை தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிற இடத்தில் நான் நின்றிருந்தேன். விபத்து நான் நின்ற இடத்தில் நடக்கவில்லை, அடுத்த கடவையில்தான் நடந்தது. ஆனால் அங்கே நடந்ததற்கு இங்கே நின்ற நான் காரணம். இதை எழுதத் துணிய எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

நான் ஒரு கேற்றுக்காரி. ரயில் வரும்போது ஒழுங்கைக்குக் குறுக்கே இரும்புக் குழாயை இறக்கி, போனதும் தூக்கிவிடுகிற வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று முகத்துக்கு நேரே கேட்ட ஆட்களும் உண்டு, அவர்களுக்கு நானும் முகத்துக்கு நேரேதான் பதில் கொடுத்திருக்கிறேன். என் வாய் அப்படி. ரயில் ஓட்டுகிறவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் கிடையாது. வேறோர் அலுவலகம் நாட்கூலிக்கு எங்களை எடுத்து நிறுத்தியிருந்தது. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில், ஒரு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு சிவப்புக் கொடி, ஒரு பச்சைக் கொடி. மணி இல்லை, விளக்கு இல்லை, ஸ்ரேசனிலிருந்து போனும் இல்லை. ரயில் வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். நேர அட்டவணையைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கையில் தந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த அட்டவணையை நம்பினால் உருப்பட்ட மாதிரித்தான். கொழும்பிலிருந்து இரவு வெளிக்கிட்டு வருகிற ரயில் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததாக நான் அறியேன். வழியில் யானை, வழியில் மழை, வழியில் எஞ்சின் பழுது. போதாக்குறைக்குச் சில மாதத்துக்கு ஒரு தடவை அட்டவணையையே மாற்றிவிடுவார்கள். மாறியது எங்களுக்குத் தெரிய வருவது, தேத்தண்ணிக் கடையில் யாரோ சொல்லித்தான்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். யுத்த காலத்தில் எங்கள் பக்கத்தில் தண்டவாளமே இருக்கவில்லை. இருபது வருடத்துக்கும் மேல் அது வெறும் மண் மேடு. சனம் அதன் மேலே நடந்தது, சைக்கிள் ஓடியது, வீடு கட்டியது, தேவைக்குத் தேவை புது ஒழுங்கையும் திறந்தது. பிறகு ரயில் திரும்பி வந்தபோது ஒழுங்கைகளை யாரும் மூடவில்லை. நான் முதன்முதல் ஓடுகிற ரயிலைக் கிட்ட நின்று பார்த்தபோது எனக்கு முப்பது வயது. எங்கள் ஊரில் ஒரு தலைமுறைக்கே ரயில் எவ்வளவு வேகத்தில் வரும் என்ற கணக்குத் தெரியாது. தூரத்தில்தானே நிற்கிறது என்று நினைப்பார்கள். அது நிற்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் நான் ஒரு யோசனை சொன்னேன். எனக்குத் தெற்கே ஒரு கேற், வடக்கே ஒரு கேற். கொழும்பு ரயில் தெற்குக் கேற்றைத் தாண்டினதும் அங்கே நிற்கிறவர் எனக்கு ஒரு மிஸ் கோல் அடிக்கவேண்டும். நான் அதைக் கட் பண்ணுவேன். கட் பண்ணினால் விளங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு என் கேற்றை ரயில் தாண்டினதும் நான் வடக்குக் கேற்றுக்கு ஒரு மிஸ் கோல். அவர் கட் பண்ணுவார். வடக்கேயிருந்து வருகிற ரயிலுக்கு இதையே மறுபக்கமாகச் செய்யவேண்டும். செலவும் இல்லை, கதைக்கத் தேவையும் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்யாத ஒன்றை நான் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டங்களில்கூட இந்தக் கதையைச் சொல்லித் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

வடக்குக் கேற்றில் நின்றவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். குருநகர்ப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம். தொழில் சரிவராமல் கரைக்கு வந்தவர். அவருடைய கொட்டிலில் ஒரு செபமாலை தொங்கும். இரண்டு வருடத்தில் நான் அவரை நேரில் கண்டது இரண்டே தரம். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவரோடு தொடர்பு! நான் அடிப்பேன், இரண்டாம் தரம் மணி அடிக்கக் கட் ஆகும். அந்தக் கட் ஆகிற சத்தத்திலேயே மனிதர் நல்ல கவனம் என்று எனக்கு ஒரு மதிப்பு.

எனக்கு எரிச்சல் ஊட்டுகிற மனிதர் வேறொருவர். எங்கள் ஒழுங்கையால் ஒரு மினிபஸ் போகும். கேற் திறந்திருந்தாலும் பஸ்ஸைத் தண்டவாளத்துக்கு முன்னால் நிறுத்தி, கொண்டக்டர் கீழே குதித்து, ஓடிப்போய் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் "போகலாம்" என்று கையைக் காட்டுவார். தினமும் இதே கூத்து. நான் இங்கே குத்துக்கல்லு மாதிரி நிற்கிறேன், எனக்கு மேலே இவருக்கு என்ன பார்வை? ஒருநாள் கேட்டேவிட்டேன், எங்களில் நம்பிக்கை இல்லையோ என்று. அவர் சிரித்தார். முதலாளி சொன்னது, சட்டமும் அதுதான் அக்கா, கோவிக்காதேங்கோ என்றார். நான் கோபித்துத்தான் இருந்தேன்.

இனி அந்தப் பாண்காரத் தம்பி. பேக்கரிப் பாணும் பணிசும் விற்கிறவர். ஓட்டோவுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி பூட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோவை எங்கள் நாட்டில் தெரியாதவர் இல்லை. இவர் காலை ஏழு பத்துப்போல மேற்கேயிருந்து என் கேற்றைத் தாண்டிக் கிழக்கே போவார். அங்கே வீடு வீடாகப் பாண் கொடுத்து, வடக்கே சுற்றி, அடுத்த கேற்றால் மேற்குப் பக்கம் திரும்பிவிடுவார். அதற்கு ஏழு நாற்பது ஆகும். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதுதான். எனக்கு ஒரு மீன் பணிஸ் எடுத்து வைத்திருப்பார். அவருடைய பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். குறைக்கச் சொன்னால், குறைச்சால் வீட்டுக்குள்ளே நிற்கிற ஆட்களுக்குக் கேட்காது என்பார். உண்மைதான்.

வழமையாகக் கொழும்பு ரயில் எவ்வளவு பிந்தினாலும் ஆறரைக்கு முன் போய்விடும். அன்றைக்கு ஏழாகியும் காணவில்லை. பாண்காரத் தம்பி வந்தபோது அதைத்தான் பகிடியாகக் கேட்டார்.

"என்னக்கா, இண்டைக்கு உங்கடை றெயினைக் காணேல்லை?"

"உன்ரை பாட்டைக் கேட்டுப் பயந்து எங்கையோ நிக்குது" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு போனார். நான் அவரோடு கதைத்த கடைசிக் கதை அதுதான்.

ஏழு முப்பத்தாறுக்குத் தெற்குக் கேற்றிலிருந்து மிஸ் கோல் வந்தது. கட் பண்ணினேன். குழாயை இறக்கினேன். இறக்கின கையோடு போன் திரும்ப அடித்தது. கனடாவிலிருந்து தங்கச்சி. வட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு வைத்திருந்தார்கள், எனக்கு ஒரு சாறி எடுக்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது, கடை பூட்டப்போகிறார்களாம். ஒரு சாறி மாம்பழ நிறம், ஒன்று மயில் நிறம். கெதியாச் சொல்லு அக்கா, கடைக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றாள். இரண்டையும் விரித்து விரித்துக் காட்டினாள்.

ரயில் வந்தது. என்னைத் தாண்டிப் போனது. அந்த இரைச்சலில் அவள் சொன்னது கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒரு கையால் போனைப் பிடித்தபடி மற்றக் கையால் குழாயைத் தூக்கினேன். மிஸ் கோல் அடிக்கவேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை. இதை நான் நேர்மையாகச் சொல்லவேண்டும். மறந்திருந்தால்கூட ஒரு மாதிரி மனதைத் தேற்றலாம். எனக்கு நல்ல நினைவு இருந்தது. தங்கச்சியின் முகத்துக்கு நேரே கட் பண்ணினால் அவள் கோபிப்பாள், நிறத்தைச் சொல்லிவிட்டு அடிப்போம், ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன். என் கேற்றிலிருந்து வடக்குக் கேற்றுக்கு ரயில் போக இரண்டு நிமிடம் ஆகாது என்பதும் எனக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

மயில் நிறம் என்றேன். கரை எப்படி இருக்கிறது பார் என்றாள். பார்த்தேன். பிறகுதான் கட் பண்ணினேன்.

அடித்தேன். ஒரு தரம் மணி அடித்தது, இரண்டு தரம் அடித்தது, கட் ஆகவில்லை. மூன்று, நான்கு. இந்த மனிதர் எங்கே போய்த் தொலைந்தார் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அப்போதுதான் உறைத்தது, சாறிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வடக்கேயிருந்து ரயிலின் கோர்ண் கேட்டிருந்தது. வழமையான கோர்ண் இல்லை, விடாமல் நீளமாக. அது நின்ற பிறகு சக்கரச் சத்தமும் நின்றுபோயிருந்தது. என் காதில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

குழாயை இறக்கிக் கட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஒரு கிலோமீற்றர் சொச்சத் தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. கிட்டப் போகப் போகப் பாட்டுக் கேட்டது. எனக்கு ஒரு கணம் உயிர் வந்த மாதிரி இருந்தது. பாட்டுக் கேட்கிறது, ஓட்டோ ஓடுகிறது, தம்பிக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

ஓட்டோ தண்டவாளத்துக்கு அருகே பள்ளத்தில் நசிந்து கிடந்தது. பாட்டு அதற்குள்ளே இருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதை எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லுக்கு மேலே பாண் எல்லாம் சிதறிக் கிடந்தது, காகம் வந்து கொத்தத் தொடங்கிவிட்டது. கேற் குழாய் மேலே தூக்கினபடியே நின்றது. வடக்குக் கேற்றுக்காரர் நிலத்தில் இருந்தார். தம்பியின் தலை அவருடைய மடியில். ரயில் வருவதைக் கடைசி நேரத்தில் கண்டு, குழாயை இறக்க நேரமில்லாமல், சிவப்புக் கொடியோடு ஓட்டோவுக்கு முன்னால் ஓடியிருக்கிறார். தம்பிக்கு அவர் கத்தினதும் கேட்கவில்லை, ரயிலும் கேட்கவில்லை. கொடியைக் கண்டு பிறேக் அடித்தபோது ஓட்டோவின் முன் சில்லு தண்டவாளத்தில் ஏறிவிட்டதாம்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

பாண்காரத் தம்பி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மனைவி இருக்கிறார், முதலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள்.

பொலிஸ் என்னிடமும் வந்து கேட்டது. உங்களுடைய கேற் பூட்டியிருந்ததா? ஓம். ரயில் எத்தனை மணிக்குத் தாண்டியது? ஏழு முப்பத்தெட்டு இருக்கும். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா? இல்லை. கையெழுத்து வைத்தேன். தேத்தண்ணிக் கடையில் சனம் கேட்டது, நீ மிஸ் கோல் அடிச்சனியோ என்று. ஓம், அடிச்சனான் என்றேன். அது பொய் இல்லை. பொய்யைவிடக் கேடு கெட்டது. சனம் உடனே கணக்குப் போட்டுவிட்டது: இவள் அடித்திருக்கிறாள், அந்த மனிதன் நித்திரை கொண்டிருக்கிறான், இல்லாவிட்டால் குடித்திருக்கிறான். நான் வாயைத் திறக்கவில்லை. எந்தச் சின்ன விசயத்துக்கும் சண்டைக்கு நிற்கிற என் வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

கேற் பூட்டவில்லை என்று அவரை வேலையால் நிறுத்தினார்கள். வேறொருவர் வந்தார். அந்த மாதமே எங்களுக்கு ஒரு கடிதமும் வந்தது: கடமை நேரத்தில் கைத்தொலைபேசி பாவிக்கக்கூடாது. ரயில் வருவதை நாங்கள் வேறெப்படி அறிவது என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

நான் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், வேலைக்குப் போனேன். இதுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பு. ஒவ்வொரு நாளும் ஏழு பத்துக்குப் பாட்டுக் கேட்காதபோது மட்டும் எழும்பி ஒழுங்கையின் மேற்குப் பக்கம் பார்ப்பேன். ஒன்றரை மாதம் இப்படிப் போனது. ஒருநாள் மினிபஸ் கொண்டக்டர் வழமைபோலக் குதித்து இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம், பாவம் அக்கா அந்தக் கேற்றுக்கார மனிசன், உங்களை மாதிரிக் கவனமாயிருந்திருந்தால் என்று ஏதோ சொன்னார். அன்று பின்னேரமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வடக்குக் கேற்றுக்காரர் கொழும்புத்துறையில் தமக்கை வீட்டில் இருப்பதாக அறிந்து, மறுநாள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் எடுத்தேன். கரையோரத்தில், வலையிலிருந்து இறால் தெரிந்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கையை நிறுத்தவில்லை.

"வருவாய் எண்டு தெரியும், பிள்ளை" என்றார். "பிந்தித்தான் வருவாய் எண்டும் தெரியும்."

பிறகு எழும்பி, கையைக் கழுவி, உள்ளே போய் ஒரு சொப்பிங் பையோடு வந்தார். அதற்குள்ளே அவருடைய பழைய பட்டன் போன். பற்றறியைக் கழற்றி வேறாக வைத்திருந்தார். அதைப் போட்டு, போன் உயிர்க்கும்வரை பட்டனை அமத்திப் பிடித்தார். திரையை எனக்குக் காட்டினார். என் நம்பர். அன்றைய திகதி. ஏழு நாற்பத்தொன்று.

"அவன்ரை தலை என்ரை மடியிலை கிடக்கேக்கைதான் உது பொக்கெற்றுக்கை அடிச்சது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சாறிக் கதை முழுவதையும் சொன்னேன். மனிதர் கடைசிவரை கேட்டார். ஏன் அண்ணை பொலிசிலே சொல்லவில்லை, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தார் என்று ஒரு நினைப்பு எனக்கு. அந்த ஆறுதலையும் அவர் தரவில்லை.

"உனக்காக இல்லை. றெயின் வருதோ எண்டு பார்க்கத்தானே என்னை அங்கை விட்டவங்கள். உன்ரை கோல் வருதோ எண்டு பார்க்க விடேல்லை."

பிறகு அவர் சொன்னவற்றை நான் இங்கே சுருக்கித்தான் சொல்லமுடியும். நான் வேலைக்கு வரமுன் அவர் கொட்டிலில் இருப்பதே இல்லையாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் தண்டவாளத்தடிக்கு வந்து தெற்கும் வடக்கும் பார்ப்பாராம். கடலில் கண்ணை நம்பிப் பிழைத்த மனிதர், தூரத்துப் பொட்டு ரயிலா மரமா என்று அவருக்கு முதலே தெரியும். என் மிஸ் கோல் வரத் தொடங்கின பிறகு கதிரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டாராம். போன் அடித்தால் எழும்புவது, அடிக்காவிட்டால் ரயில் இல்லை. அன்றைக்கு ஒரு தரம் எழும்பித் தெற்கே பார்த்திருந்தால் அந்தத் தம்பி வீட்டுக்குப் போயிருப்பான் என்றார்.

நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த யோசனை அது. அதன் பலனை இந்த மனிதருடைய வாயால் கேட்டேன்.

புறப்படும்போது போனைப் பையோடு என் கையில் வைத்தார்.

"என்ரை பங்கை நான் பொலிசிலையும் சொல்லிப்போட்டன், கோயில்லை சுவாமியாரிட்டையும் சொல்லிப்போட்டன். உன்ரை பங்கை நான் சொல்லேலாது, பிள்ளை. இதை எங்கையும் குடு, இல்லாட்டிக் கிணத்துக்கை போடு. இனி என்னட்டை இருக்கக்கூடாது."

அடுத்த நாள் அந்தப் போனோடு எங்கள் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அங்காலே இருந்த அதிகாரி நல்ல மனிதர், இருக்கச் சொல்லி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த கேற்றுக்குக் கோல் எடுக்கவேண்டும் என்று உங்களுக்கு யார் பணித்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை, நாங்களாகச் செய்தது என்றேன். அப்போது எடுக்காவிட்டாலும் குற்றமில்லைத்தானே அம்மா என்றார். பிந்தினால் எப்படிக் குற்றமாகும்? உங்களுடைய கேற்றை நீங்கள் பூட்டினீர்கள், உங்களுடைய கடமை அவ்வளவுதான். நான் வற்புறுத்தினேன், எழுதுங்கள் ஐயா என்றேன். விசாரணைப் படிவத்தைத் திருப்பி என் பக்கம் காட்டினார். கேற் பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா என்று கேட்டிருந்தது. காப்பாளர் கடமையில் இருந்தாரா என்று கேட்டிருந்தது. நான் சொன்னதை எழுத அதில் இடமே இல்லை. வடக்குக் கேற்றுக்காரரைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாமா என்றும் கேட்டேன். கேற் திறந்திருந்தது உண்மைதானே என்றார். போனை என்னிடமே திருப்பித் தந்தார்.

வெளியே வந்தபோது எனக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வாசல் படலைவரை நல்ல சந்தோசம். சட்டமே என்னை விட்டுவிட்டது! றோட்டில் காலை வைத்தபோது அந்தச் சந்தோசத்தை நினைத்து என் மீதே எனக்கு வெறுப்பு வந்தது. சொல்லவேண்டிய இடம் இன்னும் ஒன்று இருந்தது. முதலில் போயிருக்க வேண்டிய இடமும் அதுதான்.

பாண்காரத் தம்பியின் வீடு என் கேற்றிலிருந்து நடக்கிற தூரம். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். தம்பியின் மனைவிக்கு என்னைத் தெரியும், அவர் உங்களைப் பற்றிச் சொல்லுவார் அக்கா, இருங்கோ என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் கோல், தங்கச்சியின் கோல், ஒரு நிமிடம், ஏழு நாற்பத்தொன்று. அந்தப் பெண் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். 

"அப்பிடி என்னக்கா கதைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. தங்கச்சி எடுத்தாள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஏதாவது சாவு வீடு, வருத்தம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"சாறி நிறம்" என்றேன்.

"என்ன நிறம்?"

"மயில் நிறம்."

அவர் தலையை ஆட்டினார். எழும்பி உள்ளே போனார். தேத்தண்ணி போடப் போகிறாரோ, எதையாவது எடுத்துவரப் போகிறாரோ என்று நான் முற்றத்தில் நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. அவர் திரும்பி வரவில்லை. பிள்ளை வருகிற நேரமாகிவிட்டது என்று கண்டபிறகு நான் படலையைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு இன்றுவரை அந்தப் பெண் என் கேற்றால் போவதில்லை. சுற்றிப் போகிறார். தாயும் மகளும் தூரத்துச் சந்தியால் திரும்புவதைச் சில நாட்களில் காண்பேன்.

அந்தச் சாறி பார்சலில் வந்து சேர்ந்தது. பிரிக்காமல் அலுமாரிக்குள் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் அந்தப் பட்டன் போன். தங்கச்சிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. உடுத்துப் படம் அனுப்பு என்று இன்னும் கேட்கிறாள்.

நான் இப்போதும் அதே கேற்றில்தான் நிற்கிறேன். கதிரையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மினிபஸ் வந்து நின்று கொண்டக்டர் இறங்கும்போது நானும் அவரோடு போய் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். அவர் ஏன் என்று கேட்பதில்லை. கடிதத்தில் கூடாது என்று எழுதியிருந்தாலும் அடுத்த கேற்றுக்குக் கோல் எடுக்கத்தான் செய்கிறேன், ஆனால் மிஸ் கோல் இல்லை. புதிதாக வந்தவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், என் கோலை நம்பி இருக்காதே, எழும்பி நின்று பார் என்று. அவருக்கு நான் ஒரு விசரி. ரயில் என்னைத் தாண்டின உடனே எடுப்பேன், அவர் எடுத்து "ஓம் அக்கா, பூட்டிப்போட்டன்" என்று வாயால் சொல்லும்வரை போனை வைக்கமாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் அந்த "ஓம்" கேட்கிறது, ஒவ்வொரு தரமும் அதைக் கேட்கவேண்டிய நாளில் நான் மயில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் சேர்ந்தே கேட்கிறது.